இரண்டு தரத்துக்கும் மூன்று தரத்துக்கும் நடுவில்

கனகராயன்குளம்
21.01.2024

அன்பின் செபமாலை அண்ணைக்கு,

நான் நலம் என்று எழுதினால் அது அரைவாசி உண்மைதான். நான் சத்தங்களுக்குள் இருக்கிறேன் அண்ணை! வவுனியா ஆஸ்பத்திரியில் காது பார்க்கிற பிள்ளை சுதாஜினி உங்களுக்கும் எனக்கும் வலது காதில் கருவி மாட்டிவிட்ட நாளிலிருந்து எங்கள் வீட்டுச் சாமான்கள் எல்லாம் கதைக்கத் தொடங்கிவிட்டன. குசினியில் குளிர்ப்பெட்டி முனகுகிறது. பத்திரிகையைத் திருப்பினால் தகரக் கூரையில் குரங்கு பாய்ந்தது போல இருக்கிறது. என் செருப்பு இவ்வளவு காலமும் சரக் சரக் என்று என்னோடு பேசிக்கொண்டுதான் வந்திருக்கிறது. நான்தான் மரியாதை இல்லாமல் பதில் சொல்லாதிருந்திருக்கிறேன்.

இன்னொன்று சொல்கிறேன், சிரிக்காதீர்கள். இரண்டு வளவு தள்ளி இருக்கிற ஆண்டியப்பன் தன் பசுவோடு கதைப்பது எனக்குக் கேட்கிறது. அந்தப் பசுவின் பெயர் மகாராணி! இத்தனை வருட அயலில் அது எனக்குத் தெரியாது. நேற்று வேலிக்கு அந்தப் பக்கம் நின்று மனைவியிடம், "மாஸ்டருக்குக் கேக்காது, நீ சும்மா சொல்லு" என்றார். நான் வேலிப்பக்கம் திரும்பாமல் நின்று முழுவதையும் கேட்டேன். எங்கள் வீட்டு மாங்காய் விஷயம்.

போனில் கதைக்கலாமென்றால், அதைக் காதுக்குக் கிட்டக் கொண்டுபோனதும் கருவி கூவுகிறது. வீட்டுக்காரிகளைக் கொண்டு கதைப்பிக்கலாம். ஆனால் பிறகு அது அவர்களுடைய கதையாகிவிடும். ஆகவேதான் கடிதம்.

அந்த நாளை நினைத்து நினைத்துச் சிரிக்கிறேன். ஆஸ்பத்திரி வாங்கிலில் பக்கத்தில் பக்கத்தில் இருந்து, யாருடைய பெயரைக் கூப்பிட்டார்கள் என்று நான் உங்களைக் கேட்க, நான் கேட்டது கேளாமல் நீங்கள் என்னைக் கேட்க, கடைசியில் தாதி வந்து இருவரையும் கையில் பிடித்துக் கூட்டிப்போனாவே! பிறகு பஸ் நிலையத்துக்கு முன்னால் சாப்பாட்டுக் கடை. ஹோர்ன் சத்தம் தாங்காமல் இரண்டு பேரும் கருவியைக் கழற்றினோம். பெட்டிகளோ பையின் அடியில். சொதி தெறித்துவிடுமென்று நான்தான் ஒரு வெறும் எவர்சில்வர் பேணி கேட்டு வாங்கி, இரண்டையும் அதற்குள் பத்திரமாகப் போட்டு வைத்தேன். சந்தைக்குப் போயிருந்த எமில்டா அக்கா ஓடிவந்து உங்கள் தோளை உலுக்க, நீங்கள் பேணிக்குள் கைவிட்டு எடுத்துக்கொண்டு நெடுங்கேணி வழியால் போகிற பஸ்ஸுக்கு ஓடிய ஓட்டம் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

கடற்கரையில் மறுபடி மீன் ஏலம் கூறத் தொடங்கிவிட்டீர்களா? அதை எழுதுங்கள். என்னுடைய சந்தோசம் உங்களுக்கும் கிடைத்ததா என்று அறியத்தான் இந்தக் கடிதம்.

அன்புடன்,
கதிர்காமநாதன்

*

சிலாவத்தை
29.01.2024

மாஸ்டருக்குத் தோத்திரம்.

உங்கள் கடிதத்தை எமில்டா சத்தமாக வாசித்தா. எனக்குக் கேட்கவில்லை. பிறகு நானே வாசித்தேன்.

உங்களுக்குக் குளிர்ப்பெட்டி கதைக்கிறது. எனக்கு மனிசியே கதைக்கிறா இல்லை. வாய் அசைகிறது, சத்தம் ஒரு முழம் தூரத்தில் நின்றுவிடுகிறது. வலி வேறு. காதுக்குள் நண்டு புகுந்து கால் நீட்டின மாதிரி. வவுனியாவில் அந்தப் பிள்ளை மாட்டிவிட்டபோது எவ்வளவு சுகமாக இருந்தது! போட்டது தெரியவில்லை, அவ கதைத்தது கோயில் மணி மாதிரிக் கேட்டது. பஸ்ஸில் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்து வீட்டில் போட்டேன். அதுக்குள் எப்படியோ மாறிப்போச்சு.

ஏலத்தைக் கேட்டீர்கள். வாங்கிலில் இருந்தபோது நான் முழுவதும் சொல்லவில்லை, சொன்னாலும் உங்களுக்குக் கேட்டிராது. இப்போது எழுதுகிறேன்.

எங்கள் கரையில் ஒருதரம், இரண்டுதரம் சொல்லி, ஒரு மூச்சு விட்டு, மூன்றுதரம் சொல்லுவோம். அந்த மூச்சுக்குள் ஆர் கூட்டிக் கேட்டாலும் செல்லும். மூன்றுதரம் சொன்ன பிறகு ஆண்டவர் வந்து கேட்டாலும் செல்லாது. போன வருசம் சோழகக் காற்று முடிகிற நேரம் என் மச்சான் கிறகோரி, எமில்டாவின் தம்பி, நல்ல அறக்குளா மீன் கொண்டுவந்து கரையில் போட்டான். இரண்டுதரம் சொன்னேன். மூச்சு விட்டேன். எனக்குப் பின்னால் நின்ற முள்ளியவளை வியாபாரி கூட்டிக் கேட்டிருக்கிறார். எனக்குக் கேட்கவில்லை. மூன்றுதரம் சொல்லிவிட்டேன். மீன் குறைந்த விலைக்குப் போனது.

கிறகோரி என் முகத்துக்கு முன்னால் வந்து நின்று சொன்னது மட்டும் கேட்டது: "அத்தான், உன்ர மூண்டுதரம் என்ர ஒரு கிழமைக் கடல் உழைப்பைத் திண்டிட்டுது." அன்றோடு கதை இல்லை. பூசைக்கும் மற்றப் பக்கத்து வாங்கிலில்தான் இருக்கிறான்.

மீனவர் சங்கம் என்னை நிற்பாட்டி நிறோஜனைப் போட்டிருக்கிறது. நல்லவன்தான், ஆனால் மூச்சு விடாமல் கூறுவான். மார்ச் மூன்றாம் திகதி, ஞாயிறு பூசை முடிய, சங்கக் கூட்டம். பங்குனியோடு யார் என்று நிரந்தரமாக முடிவு எடுப்பார்கள். ஏலம் எனக்குத் தொழில் மட்டுமில்லை மாஸ்டர். அந்த மணலில் நான் நிற்கிற இடம் அது.

செபமாலை

*

கனகராயன்குளம்
04.02.2024

அன்பின் அண்ணைக்கு,

மூன்றாம் திகதிக்கு இன்னும் நாள் இருக்கிறது. மனம் விடாதீர்கள்! ஒரு உதாரணம் சொல்கிறேன்.

புதுச் செருப்பு வாங்குகிறோம். முதல் வாரம் கடிக்கும். எறிந்துவிடுகிறோமா? வீட்டுக்குள் போட்டு நடக்கிறோம், பிறகு முற்றம், பிறகு சந்தை. செருப்பும் இளகும், காலும் பழகும். காதும் அப்படித்தான். முதலில் சத்தமில்லாத அறையில் போட்டிருங்கள். பிறகு எமில்டா அக்காவை முன்னால் இருத்திக் கதைக்கச் சொல்லுங்கள். பிறகு வளவு. கடைசியில் கடற்கரை. வவுனியாவில் சுகமாக இருந்தது ஊரில் வலிக்கிறதென்றால் கடற்காற்றில் காது கொஞ்சம் வீங்கியிருக்கலாம் என்பது என் எண்ணம்.

இன்னொன்று. கருவியில் காதுக்குள் போகிற அச்சில் சிவப்புப் புள்ளி இருக்கிறதா பாருங்கள். சிவப்பு வலது காதுக்கு, நீலம் இடதுக்கு. என்னுடையதில் சிவப்பு. உங்களுடையதிலும் சிவப்பென்றால் பிழையே இல்லை, பழக்கம்தான் குறை.

குறை எனக்கும் இல்லாமலில்லை. எனக்குத் தளர்வு. சோறு மெல்லும்போது விசிலடிக்கிறது, சிரித்தால் கழன்று மடியில் விழுகிறது. என் வீட்டுக்காரி விமலேஸ்வரி சட்டியை இறக்கி வைத்தால் நான் கதிரையிலிருந்து எழும்பிவிடுகிறேன். "விசிலடிச்சான் மாஸ்டர் வாறார், ஒதுங்குங்கோ" என்று பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறா. இருந்தும் நான் கழற்றுவதில்லை. இன்று காலை நெல் வெட்டுகிற இயந்திரம் ஓமந்தையில் நின்றாலும் எனக்குக் கேட்டிருக்கும் போல!

பொறுமை, அண்ணை. பொறுமை.

கதிர்காமநாதன்

*

சிலாவத்தை
13.02.2024

மாஸ்டருக்கு,

சிவப்புப் புள்ளி இருக்கிறது.

நீங்கள் சொன்னபடி அறை, எமில்டா, வளவு எல்லாம் செய்தேன். எமில்டா முன்னால் இருந்து கதைத்தா. கிட்ட வந்து கதைத்தா. பிறகு ஏசினா. ஏச்சு மட்டும் கொஞ்சம் விளங்கியது, அது கருவி இல்லாமலும் விளங்கும். காதின் உள்மடிப்பு புண்ணாகிவிட்டது. தலையணையில் அந்தப் பக்கம் சாய்ந்து படுக்க ஏலாது.

கடற்கரைக்கும் போய்ப் பார்த்தேன். நிறோஜன் கூறிக்கொண்டிருந்தான். காதைப் பொத்திக்கொண்டு நின்ற என்னைப் பார்த்து ஒருத்தன் ஏதோ சொல்ல எல்லாரும் சிரித்தார்கள். என்ன சொன்னான் என்று தெரியாமல் நானும் சிரித்தேன். அதுதான் மாஸ்டர் தாங்க ஏலாமல் போனது.

நாளை விபூதிப் புதன். கருவியைக் கழற்றி அலுமாரிக்கு மேல் மாதா சுருவத்தின் காலடியில் வைத்துவிட்டேன். அவவாவது கேட்கட்டும்.

உங்களுக்கு வாய்த்தது. எனக்கு வாய்க்கவில்லை. இனிமேல் செருப்புக் கதை எழுத வேண்டாம்.

செபமாலை

*

கனகராயன்குளம்
18.02.2024

செபமாலை அண்ணைக்கு,

உங்கள் கடிதம் எனக்குக் கவலை தந்தது. கவலையை விடக் கோபம். வகுப்பில் சில பிள்ளைகள் இருப்பார்கள். கணக்குப் பிழைத்தால் கொப்பியை மூடிவிட்டு, "எனக்குக் கணக்கு வராது சேர்" என்பார்கள். கணக்கு எல்லாருக்கும் வரும். இருந்து செய்கிறவனுக்கு வரும்.

அதே ஆஸ்பத்திரி, அதே பிள்ளை, அதே மாதிரிக் கருவி. என் காது கேட்கிறது, உங்களுடையது கேட்கவில்லை என்றால் வித்தியாசம் கருவியில் இல்லை. ஏலம் வேண்டுமென்றால் மாதாவின் காலடியிலிருந்து எடுத்துப் போடுங்கள். வேண்டாமென்றால் என்னிடம் சொல்லி ஆவது ஒன்றுமில்லை.

கதிர்காமநாதன்

*

சிலாவத்தை
24.02.2024

மாஸ்டர் அவர்களுக்கு,

நான் உங்கள் வகுப்பில் படித்தவனில்லை. கூட்டத்துக்கு நான் போகப் போவதில்லை. நிறோஜன் கூறட்டும்.

இந்தக் கடிதம் எழுதுவதே எமில்டா சொன்னதற்காக. சுருவம் தூசி தட்டப் போனவ கருவியைக் கையில் எடுத்து, என் காதுக்கு வெளியில் வைத்துப் பார்த்துவிட்டுச் சிரி சிரியென்று சிரித்தா. பிறகு கொப்பியில் எழுதிக் காட்டினா: "இந்தக் காதுக்குள்ள இது எப்பிடியப்பா போகும்? இது அந்த மாஸ்டற்ற காதுக்கெல்லோ அளவு. அவற்ற காது பூவரசமிலை மாதிரி."

நான் அவவை ஏசினேன். ஒரு மனிசனோடு கோபம் வேறு, அவருடைய காதைப் பழிக்கிறது வேறு. இதை உங்களுக்கு எழுதச் சொல்லி நிற்கிறா. எழுதிவிட்டேன். இத்தோடு முடிந்தது.

செபமாலை

*

கனகராயன்குளம்
27.02.2024, செவ்வாய்

அண்ணை! அண்ணை!

கருவியைப் போட வேண்டாம்! மாதாவின் காலடியிலேயே இருக்கட்டும்! தபாலிலும் அனுப்ப வேண்டாம்!

எமில்டா அக்காவின் வாக்கியத்தை விமலேஸ்வரிக்கு வாசித்துக் காட்டினேன். நான்தான் முதலில் சிரித்தேன். சிரித்ததும் வழக்கம்போலக் கருவி கழன்று மடியில் விழுந்தது. விழுந்ததை எடுத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இது ஏன் எப்போதும் விழுகிறது? கண்ணாடிக்கு முன்னால் போனேன். என் காதைப் பார்த்தேன். அச்சைப் பார்த்தேன். பெரிய பானைக்குச் சின்ன மூடி. விமலேஸ்வரி பின்னால் வந்து நின்று, "பூவரசமிலையெண்டு சரியாத்தான் சொல்லியிருக்கிறா" என்றா.

பேணி, அண்ணை! எவர்சில்வர் பேணி!

இரண்டும் ஒரே நிறம். இரண்டும் வலது காது. இரண்டிலும் சிவப்புப் புள்ளி. நீங்கள் பஸ்ஸுக்கு ஓடுகிற அவசரத்தில் கைக்கு வந்ததை எடுத்தீர்கள். மிஞ்சியதை நான் எடுத்தேன். உங்கள் காதுக்கு அதிகம் வேண்டுமென்று அந்தப் பிள்ளை பலமாக வைத்துக் கொடுத்ததை நான் போட்டுக்கொண்டு மகாராணியையும் குளிர்ப்பெட்டியையும் கேட்டுத் துள்ளியிருக்கிறேன். எனக்கு அளவாக மெதுவாக வைத்ததை, என் பெரிய அச்சோடு, நீங்கள் புண் வரும்வரை காதுக்குள் திணித்திருக்கிறீர்கள். திணிக்கச் சொன்னது நான்.

செருப்பு உதாரணம் சொன்னேனே. செருப்புக் கடித்தால் பழகும் என்றேன். அது யாருடைய செருப்பு என்று முதலில் கேட்டிருக்க வேண்டும். அவ்வளவு காலம் படிப்பித்தவனுக்கு அந்தக் கேள்வி வரவில்லை. பதினெட்டாம் திகதிக் கடிதத்தை அடுப்பில் போடுங்கள்.

விமலேஸ்வரியைக் கொண்டு எமில்டா அக்காவுக்குப் போன் எடுப்பித்தேன். இரண்டு பேரும் காசு முடியுமட்டும் சிரித்தார்கள். என்ன கதைத்தார்கள் என்று என்னிடம் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை வருகிறேன் என்பது மட்டும் சொல்லப்பட்டதாம். மாங்குளத்தில் பஸ் மாறி, ஒட்டுசுட்டான் வழியால் வருவேன். இந்தக் கடிதம் எனக்கு முன்னால் வருமோ பின்னால் வருமோ தெரியாது. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு நீங்கள் போகிறீர்கள். நான் கெஞ்சுகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் காதை இத்தனை நாள் போட்டுத் திரிந்த,
கதிர்காமநாதன்

*

கனகராயன்குளம்
02.03.2024

அன்பின் அண்ணைக்கு,

நேற்று உங்களிடமிருந்து வீடு வந்துசேரப் பொழுதுபட்டுச் செக்கலாகிவிட்டது. எமில்டா அக்கா கட்டித்தந்த இறால் பொரியலைப் பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர் மணந்து மணந்து, கடைசியில் கேட்டே விட்டார். கொடுத்தேன்.

அச்சுகளைச் சவர்க்காரத் தண்ணீரில் கழுவி, நன்றாகக் காயவைத்து, நீங்கள் உங்களுடையதைக் காதில் திருகிப் போட்டபோது உங்கள் முகத்தைப் பார்த்தேன். கடலைத்தான் திரும்பிப் பார்த்தீர்கள். கடல் இவ்வளவு நாளும் வாய் அசைத்துக்கொண்டிருந்திருக்கும்.

என்னுடையது இப்போது விழுவதில்லை. விசிலும் இல்லை, போனைக் கிட்டக் கொண்டுபோனாலும் கூவுவதில்லை. போட்டதே மறந்துபோய்க் குளிக்கப் பார்த்தேன், விமலேஸ்வரி பிடித்து நிறுத்தினா. ஆனால் மகாராணி போய்விட்டாள். ஆண்டியப்பனும் போய்விட்டார். முதலில் கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது. ஊர்முழுக்கக் கேட்டவனுக்குத் தன் வீடு மட்டும் கேட்டால் எப்படி இருக்கும்?

இரவுச் சாப்பாட்டுக்கு இருந்தேன். விமலேஸ்வரி எனக்குப் பின்னால் நின்று, தனக்குச் சொல்வது போல, "இந்தச் சோறு இவருக்குக் காணுமோ தெரியேல்ல" என்றா. "காணும்" என்றேன், திரும்பாமல். அகப்பையோடு அப்படியே நின்றுவிட்டா. பிறகு எனக்கு முன்னால் வந்து இருந்து மெதுவாகவே கதைத்தா. நாங்கள் கத்தாமல் கதைத்து எவ்வளவு காலம் அண்ணை!

நாளை கூட்டம். உங்கள் புண் முழுக்க ஆறவில்லை, ஆகவே தேவையான நேரம் மட்டும் போடுங்கள். காற்று நேரே அடித்தால் கருவி இரையும், தண்ணீர் பட்டால் கெட்டுவிடும். அடுத்த முறை இருவரும் சேர்ந்தே போய்ச் சுதாஜினிப் பிள்ளையிடம் பேணிக் கதையைச் சொல்லி, இரண்டையும் சரிபார்ப்பிப்போம். அவ சிரிப்பா. சிரிக்கட்டும்.

என்ன நடந்ததென்று உடனே எழுதுங்கள். நான் தபால்காரரின் சைக்கிள் மணிக்குக் காத்திருக்கிறேன். அது இப்போது எனக்குக் கேட்கும்.

கதிர்காமநாதன்

*

சிலாவத்தை
04.03.2024, திங்கள்

அன்பின் மாஸ்டருக்கு,

கையில் மீன் மணத்தோடு எழுதுகிறேன். கழுவிவிட்டுத்தான் இருந்தேன், போகவில்லை.

கூட்டத்துக்குப் போனேன். தலைவர், "செபமாலையண்ணைக்குக் கேக்குதோ இல்லையோ எண்டு இஞ்ச இருந்து கதைச்சு என்ன பிரயோசனம்? விடிய ஒரு வள்ளத்து மீனை அவர் கூறட்டும், கரை சொல்லட்டும்" என்றார். தன் வள்ளத்து மீனைத் தர ஒருத்தரும் முன்வரவில்லை. கடைசி வாங்கிலில் இருந்து ஒரு கை எழும்பினது. கிறகோரி. எழுப்பினான், இறக்கினான், வெளியில் போய்விட்டான்.

விடிய அவன் மீன் வந்து மணலில் விழுந்தது. பாரையும் சீலாவும். எல்லாரும் சுற்றி நின்றார்கள். நிறோஜனே வந்து, "அண்ணை, காத்து வலப்பக்கத்தால அடிக்குது, மற்றப் பக்கம் திரும்பி நில்லுங்கோ" என்று இடம் மாற்றிவிட்டான். தொடங்கினேன். ஒருத்தன் மூக்கைத் தடவிக் கேட்டான், ஒருத்தன் வெற்றிலைக்குள்ளால் கேட்டான். எல்லாம் காதில் விழுந்தது மாஸ்டர்! ஒவ்வொன்றும் தனித்தனியாக, மணலில் விழுகிற மீன் மாதிரி.

ஒருதரம் சொன்னேன். இரண்டுதரம் சொன்னேன். மூச்சு விட்டேன்.

கரை முழுக்க வாய் மூடிக்கொண்டு என்னைப் பார்த்தது. அலை அடித்தது கேட்டது. காகம் கேட்டது. எமில்டாவின் செபமாலைமணி உருளுகிறதுகூடக் கேட்டது போல இருந்தது. அதுக்குள் எங்கேயோ ஆரோ, உதட்டுக்குள்ளேயே, கூட்டிக் கேட்டார்கள். ஒரு காதில் மட்டும் கருவி, எந்தப் பக்கமென்று பிடிபடவில்லை. வலப்பக்கம் திரும்பினேன், அங்கே ஒரு நாய்தான் நின்றது. எல்லாரும் சிரித்தார்கள். "நாய் இவ்வளவு விலை கேக்காது, ஆர் கேட்டது?" என்று நானும் சொல்லிச் சிரித்துக்கொண்டு மற்றப் பக்கம் திரும்பினேன். முள்ளியவளை வியாபாரி. அதே ஆள். முகத்தைத் துவாயால் மூடிக்கொண்டு நின்றார். அவருடைய விலையைச் சத்தமாகச் சொன்னேன். துவாயை எடுத்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

பிறகு இன்னொரு மூச்சு. மூன்றுதரம் சொன்னேன்.

இந்த முறை எதைக் கேட்டுச் சிரித்தார்கள் என்று தெரிந்து சிரித்தேன் மாஸ்டர். அதை உங்களுக்கு எழுத வேண்டுமென்று அப்போதே நினைத்தேன்.

சனம் கலைந்தது. நான் குனிந்து கூடையை இழுத்துக்கொண்டிருந்தேன். எனக்குப் பின்னால், கொஞ்சம் தள்ளி, ஒரு குரல். கத்தவில்லை. அவன் என்னோடு கத்தாமல் கதைத்து வருசக்கணக்கு, என் காது மந்தமாகத் தொடங்கின நாளிலிருந்தே கத்தித்தான் கதைப்பான். இது வீட்டுக்குள் கதைக்கிற குரல்.

"அத்தான், வலையில இன்னும் கொஞ்சம் கிடக்கு. அதையும் நீங்களே கூறுங்கோ."

நான் உடனே திரும்பவில்லை மாஸ்டர். கேட்காத மாதிரி நின்றேன். இன்னொருக்காச் சொல்லட்டும் என்று.

சொன்னான்.

ஞாயிறு பூசை முடிய நான் உங்களுக்குப் போன் எடுப்பேன். கத்தாமல் கதையுங்கோ.

செபமாலை